பிச்சாவரத்தில் கன்று நட வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சமூகப் பொறுப்பு நிதியில் அலையாத்தி நடவு செய்யும் கம்பெனிக் குழுக்கள், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், கடலூர், நெய்வேலி, புதுச்சேரி, சென்னைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வரும் பசுமை அமைப்புகள்.

வணக்கம்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், ஜூலை 26 அலையாத்தி நாள். இந்த இரண்டு தேதிகளை ஒட்டித்தான் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு வரும் கிள்ளை ரோட்டில் பேனர் கட்டிய வண்டிகள் அதிகம் வருகின்றன. ஆளுக்கொரு தொப்பி, ஆளுக்கொரு கன்று, பத்து மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். மனசு நல்ல மனசு, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நாள்தான் தப்பு. ஜூன், ஜூலையில் இந்தச் சேற்றில் உப்பு உச்சத்தில் இருக்கும். இந்தக் கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை. கோடையில் தண்ணீர் ஏறுவதும் குறைவு, ஏறிய தண்ணீர் காய்வதும் வேகம். அந்த நேரத்தில் வைத்த கன்று, போட்டோ பிரிண்ட் போட்டு வருவதற்குள் கருகிவிடும்.

ஆனால் அதே ஜூன், ஜூலை இன்னொரு வேலைக்கு மிகப் பொருத்தமான நாட்கள். வாய்க்கால் வெட்டுகிற வேலைக்கு. இந்த மடலின் விஷயமும் அதுதான்: நீங்கள் கன்றுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கை மண்வெட்டிக்கு மாற்றிக் கொடுங்கள். ஏன், எவ்வளவு, எப்படி என்று விவரமாக எழுதுகிறோம்.

முதலில் இங்கே ஏன் மரம் இல்லாத திட்டுகள் இருக்கின்றன என்பது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே உப்பங்கழி. ஆற்று நீரும் கடல் நீரும் வந்து கலக்கிற இந்த இடத்தில் யாரும் நடாமலே காடு வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை அதைக் கூப்பு எனப்படும் வெட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஏலம் விட்டு, ஒரு மரம் விடாமல் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தானாக மறுபடி முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. நிழல் போனதும் சேறு நேராக வெயிலில் காய்ந்தது. காய்ந்த களிமண் சுருங்கி அமுங்கியது. சுற்றிலும் மேடு, நடுவில் பள்ளம் என்று தாம்பாளம் மாதிரி ஆகிவிட்டது நிலம். பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கில் உள்ளே வருகிற தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அங்கேயே நின்று ஆவியாகிறது, உப்பு மட்டும் தங்குகிறது. அடுத்த பெருக்கு இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டு வருகிறது. இப்படியே வருஷக்கணக்கில். உப்பளத்தில் பாத்தி கட்டிச் செய்வதும் இதே வேலைதான், இங்கே யாரும் உப்பு வாரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படிப்பட்ட திட்டில் ஏப்ரலில் போய் நின்றால் தரை சாம்பல் வெள்ளையாகத் தெரியும். மேலே மெல்லிய உப்பு ஏடு, காலை வைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஓரத்தில் உமிரி என்ற உப்புநிலச் செடி மட்டும் சிவப்பேறி கொத்துக் கொத்தாக நிற்கும். உமிரி செழித்திருந்தால் அங்கே ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், சரியாக வந்து போகவில்லை என்று அர்த்தம். அதைப் பிடுங்கி எறிந்து ‘நிலத்தைச் சுத்தம்’ செய்யாதீர்கள். வாய்க்கால் வந்த பிறகு மிதந்து வருகிற வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் விதைகளைப் பிடித்து நிறுத்துவது அந்த உமிரிதான்.

மரம் வராததற்குக் காரணம் ஆடு மாடும் விறகு பொறுக்குகிறவர்களும் என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள்மேல் பழி போட்டு வேலியும் போட்டாயிற்று. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து பார்த்தபோதுதான் கோளாறு தண்ணீர்ப் போக்கில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள், மரம் வந்தது. அந்த முறை இங்கிருந்து ஆந்திரக் கரை வரை போயிருக்கிறது. 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால் அந்தச் சேற்றில் இறங்கியவர்களின் உழைப்பும் இருக்கிறது.

இனி அளவுகள். நடுவே ஒரு தாய்வாய்க்கால். மேல்வாய் அகலம் ஏறக்குறைய 3 மீட்டர், அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். இருபுறமும் கிளைகள், மேல்வாய் 2 மீட்டர், அடி 1 மீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர். கிளைக்குக் கிளை 12 மீட்டர் இடைவெளி. தாய்வாய்க்காலில் கிளை சேரும் கோணம் 45 பாகை, தண்ணீர் வெளியேறும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். வரைபடத்தில் அழகாக இருக்கிறதென்று செங்குத்தாக வெட்டினால் வற்றும்போது தண்ணீர் திரும்பத் தடுமாறும், அந்த முக்கில் சேறு படியும், இரண்டே மழையில் கிளையின் வாய் அடைந்துவிடும். இந்த அளவுகளை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நிலத்தின் மட்டத்தைப் பார்த்துக் கூடும், குறையும். கோணமும் சரிவும் மாறக்கூடாது.

பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கக்கூடாது, சரிவாக இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் சேறு இடிந்து விழும் என்பது ஒரு காரணம். கன்று வைக்கப்போவதே அந்தச் சரிவில்தான் என்பது அடுத்தது.

அடிமட்டம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதிகம் கோட்டை விடுவதும் அதில்தான். வாய்க்காலின் உள் முனை, கழியைத் தொடும் வாயைவிட ஒரு பிடியாவது மேடாக இருக்க வேண்டும். உள் முனை ஆழமாகிவிட்டால் நீங்கள் வெட்டியது குட்டை. பழைய தாம்பாளத்துக்குள் புதிதாக ஒரு கிண்ணம் வைத்த கதை. கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது, சேற்றில் எல்லாமே சமமாகத்தான் தெரியும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை, கொத்தனார் வீட்டு மட்டம் பார்க்கிற தண்ணி டியூப் போதும். பத்து மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு மட்டம் குறித்துக்கொண்டு வெட்டுங்கள். இங்கே ஓதம் ஏறி இறங்குவதே பெரும்பாலான நாட்களில் ஒரு மீட்டருக்கும் குறைவு. பத்து சென்டிமீட்டர் தப்பினால் தண்ணீர் வராத நாட்கள் மாதத்தில் எத்தனையோ கூடிவிடும்.

வெட்டும் வரிசை: உள் முனையிலிருந்து கழியை நோக்கி வர வேண்டும். கழி ஓரத்தில் இரண்டு மீட்டர் மண்ணை அணையாக விட்டுவையுங்கள். எல்லாம் முடிந்து மட்டம் பார்த்த பிறகே அதைத் திறக்க வேண்டும். முதலிலேயே வாயைத் திறந்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சேறு வாருவதைப்போல வீண் கூலி வேறில்லை. வெட்டு வேலைக்கு அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்கள் நல்லவை, அப்போது தண்ணீர் ஏறுவது குறைவு. திறப்பதற்குப் பௌர்ணமி அல்லது அமாவாசை. அன்றைய பெருக்கு உள்ளே ஓடிவந்து, வற்றும்போது அடியில் கிடக்கும் தளர்ந்த சேற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது? பலர் இதை யோசிப்பதே இல்லை. கரையிலேயே வரிசையாகக் குவித்தால் அது வரப்பாகிவிடும். வாய்க்காலில் ஏறிய தண்ணீர் பக்கத்து நிலத்தில் பரவ முடியாது. அடுத்த மழையில் அந்தக் குவியலே கரைந்து வாய்க்காலுக்குள் இறங்கும். வாய்க்கால் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். ஐந்து ஆறு மீட்டருக்கு ஒரு இடத்தில் இடைவெளி விட வேண்டும். பாண்டில் அள்ளிக் கைமாற்றிக் கைமாற்றிப் போடுவதில்தான் பாதி உழைப்பு போகும். மாணவர்கள் உதவக்கூடிய இடம் இது. வெட்டுவதை விவரம் தெரிந்தவர்கள் வெட்டட்டும், பாண்டு மாற்ற இருபது இளைஞர்கள் வரிசையில் நின்றால் வேலை பறக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர், ஒரு ஹெக்டேர். தாய்வாய்க்கால் 100 மீட்டர் என்றால் 200 கன மீட்டர் மண். கிளைகள் மூலைகளில் நீளம் குறைவது போக எண்ணூறு, தொள்ளாயிரம் மீட்டர் வரும், அதில் ஏறக்குறைய 800 கன மீட்டர். மொத்தம் 1,000 கன மீட்டர். சேற்றில் ஒரு ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டிப் பரப்பினால் அது நல்ல வேலை. ஆக 500 ஆள்நாள். சரிவுகளில் இருபுறமும் 2 மீட்டருக்கு ஒன்று வைத்தால் அந்த ஹெக்டேருக்குத் தேவைப்படும் கன்று ஏறக்குறைய 1,000. ஒரு கன்றுக்கு ஒரு கன மீட்டர் மண். உங்கள் திட்ட அறிக்கையில் ‘ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கன்று’ என்று இருந்தால், வாய்க்கால் என்ற தலைப்பே அதில் இருக்காது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். மீதி இடத்தை யார் நிரப்புவது என்று கேட்பீர்கள். தண்ணீர் ஒழுங்காக வந்து போனால் அது கொண்டுவரும் விதையே நிரப்பும். அதற்குக் கூலியும் இல்லை, பேனரும் இல்லை.

வெட்டி முடித்த உடனே நடக்கூடாது. ஒரு மழைக்காலத்தின் முற்பாதியாவது அந்த வாய்க்காலில் ஓட வேண்டும். மழை நீர் மேலே இருக்கும் உப்பைக் கரைக்கும், ஓதம் அதை வெளியே எடுத்துப் போகும். மே முதல் ஆகஸ்ட் வரை வெட்டு, அக்டோபர், நவம்பரில் கழுவல், நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை நடவு. இதுதான் இந்தக் கரையின் பஞ்சாங்கம். நடுமுன் ஒரு சோதனை: சரிவில் ஒரு முழம் தோண்டி, ஊறிவருகிற தண்ணீரில் ஒரு சொட்டை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பாருங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு காட்டும். குழித் தண்ணீர் 50க்கு மேல் காட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும். வெண்கண்டல் அதற்கு மேலும் தாங்கும், ஆனால் வளர்ந்த மரம் தாங்குவது வேறு, பிஞ்சுக் கன்று தாங்குவது வேறு. கையில் கருவி எதுவும் இல்லை, வெண்கண்டல் என்ன செய்கிறது என்று பார்க்க மட்டும் ஆசை என்றால், வெயில் ஏறிய பிறகு அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள். பொடி உப்பு கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடும் மரம் அது.

எந்த மரம் எங்கே என்பதிலும் ஒரு தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. எல்லோருக்கும் சுரபுன்னைமேல்தான் கண். காரணம் சுலபம்: அதன் காய் மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்கும், பிடித்துச் சேற்றில் குத்தினால் நட்டாயிற்று. பை வேண்டாம், நாற்றங்கால் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு குத்திவிடலாம். ஆனால் சுரபுன்னையின் இடம் கழி ஓரம், தண்ணீர் தினம் தொட்டுப் போகிற ஈரக் கரை. உள்ளே உப்பேறிய திட்டில் அது நிற்காது. பிச்சாவரத்தில் மிகுதியாக இருப்பது வெண்கண்டல்தான். படகிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஓரத்துச் சுரபுன்னையின் முட்டுவேர் மட்டும் தெரிவதால் காடே அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். மேட்டுப் பக்கம், கரையை ஒட்டி, தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். கிளையை ஒடிக்க வேண்டாம், பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, கொஞ்ச நேரம் பார்வையே மங்கிவிடும். கூட்டத்தில் சிறுபிள்ளைகள் இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

சுரபுன்னைக் காயில் முற்றியது, லேசாகத் தொட்டாலே தொப்பியிலிருந்து கழன்று வரும். இழுத்துப் பறிக்க வேண்டியிருந்தால் அது பிஞ்சு. குண்டூசி முனை அளவு ஓட்டை இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். பறித்ததை ஈரச் சாக்கில் நிழலில் வைத்து ஒரு வாரத்துக்குள் நட்டுவிட வேண்டும். காயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள் போனால் போதும். ஆழமாகக் குத்தினால் அழுகும். தலைகீழாகக் குத்துகிறவர்களும் உண்டு! கூர்முனை கீழே, தொப்பி இருந்த பக்கம் மேலே.

வெண்கண்டல் விதை பருத்த மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும். ஒரு நாள் தண்ணீரில் கிடந்தால் மேல்தோல் தானே உரியும். அதைப் பையில் கழிச் சேறு நிரப்பி, முளை கீழே பார்க்க, மேலே கொஞ்சம் தெரியும்படி அமுக்க வேண்டும். நாற்றங்கால் பாத்தி ஓதம் தொடும் உயரத்தில் இருந்தால் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். ஒரு முழ உயரம் வந்ததும் நடலாம். மழைக்காலத்தில் விழும் விதையை வைத்துக் கன்றாக்கி அடுத்த மழையில் நட ஏறக்குறைய ஓராண்டு ஆகும். ஆகவே ‘அடுத்த வாரம் வருகிறோம், ஐயாயிரம் கன்று ரெடி பண்ணுங்கள்’ என்று போன் செய்யாதீர்கள். அப்படிக் கேட்டால் கிடைப்பது எங்கிருந்தோ லாரியில் வந்த, வேர் உதிர்ந்த கன்றுதான்.

நடும்போது சரிவின் நடுப்பகுதி. அடியில் வைத்தால் நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும், தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒட்டும், பாசி சுற்றும். உச்சியில் வைத்தால் உப்பு ஏட்டில் போய் நிற்கும். குழி பையைவிடச் சற்றுப் பெரிது. பையைப் பிளேடால் கீறி எடுங்கள், இழுத்து உருவாதீர்கள், மண் கட்டி உடைந்தால் கன்று போனதுபோல்தான். வேர்க்கழுத்து தரை மட்டத்தில். கையால் அமுக்குங்கள், குதிகாலால் மிதிக்க வேண்டாம். 500 பை உள்ளே போனால் 500 பை வெளியே வர வேண்டும். எண்ணி வாங்குங்கள், எண்ணாமல் வாங்கினால் மிச்சம் சேற்றுக்குள்தான் இருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வற்றும்போது வெளியே தெரிகிற சேற்றுத் திட்டு, மரமே இல்லாத வழுவழுப்பான வெளி, அது ‘அழிந்த காடு’ இல்லை. அங்கே காடு எப்போதும் இருந்ததில்லை. குளிர்காலத்தில் உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிக் கரைப்பறவைகள் இரைதேடி இறங்குவது அங்கேதான். நண்டும் மட்டியும் அங்கேதான். இருளர்கள் தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிப்பது அதை ஒட்டிய ஆழமில்லாத இடங்களில். படகுத்துறைக்குப் பக்கம், எளிதில் போகலாம், போட்டோவில் கடல் தெரியும் என்பதற்காக அங்கே கன்று குத்துகிறார்கள். பெரும்பாலும் அலை அடித்துப் போய்விடும். போகாமல் வேர்விட்டால் அதைவிடக் கஷ்டம், பறவைக்கும் இறாலுக்கும் இருந்த இடமும் போச்சு.

நட்ட பிறகு என்னென்ன வரும்? முதல் மழைக்காலத்தில் பச்சைப் பாசி நூல் நூலாக மிதந்து வந்து கன்றுமேல் படர்ந்து சாய்த்துவிடும். வாரம் ஒருமுறை கையால் எடுத்துப் போட வேண்டும், வேறு மருந்து இல்லை. நண்டு இளந்தண்டைக் கத்தரிக்கும், செத்த இடத்தில் அடுத்த பருவம் மாற்றுக் கன்று. கரை ஓரமாக இருந்தால் ஆடு மாடு வரும், வெண்கண்டல் இலை அவற்றுக்கு விருப்பமான தீனி. வேலி போடுமுன் மாட்டுக்காரரிடம் பேசுங்கள், மேய வேறு இடம் இருந்தால் வேலியே தேவைப்படாது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி தூர். வெட்டிய வாய்க்கால் இரண்டு மூன்று ஆண்டில் கால்வாசி, பாதி என்று தூர்ந்துவரும். கோடையில் தூர் வாராவிட்டால் பழைய தாம்பாளத்துக்கே திரும்பிப் போகும், கன்றுகள் கருகும், அடுத்த கம்பெனி வந்து அதே இடத்தில் மறுபடி ‘முதல்’ நடவு செய்யும். மரங்கள் வளர்ந்து வேர் பிடித்த பிறகு வாய்க்கால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். அதுவரை, ஐந்து ஆண்டாவது, தூர் வாரப் பணம் வேண்டும்.

ஓராண்டுத் திட்டத்தோடு வராதீர்கள் என்று சொல்வது இதனால்தான். முதல் ஆண்டு வெட்டு மட்டும், கன்று நாற்றங்காலில் தயாராகவே ஓராண்டு ஆகும் என்பதால் ஒரு கன்றுகூட நடுவதில்லை. உங்கள் மேலிடத்துக்கு இதை விளக்குவது சிரமம் என்று தெரியும். இரண்டாம் ஆண்டு நடவு. மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் தூர், மாற்றுக் கன்று. அறிக்கையில் மூன்று எண்களைக் கேளுங்கள்: நட்டது, உயிரோடு இருப்பது, தானாக முளைத்தது. ஆறு மாதம், ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று எண்ண வேண்டும். நடாமலே முளைத்ததன் எண் மூன்றாம் வருஷம் ஏறியிருந்தால் வாய்க்கால் வேலை செய்கிறது. முதல் எண் மட்டும் உள்ள அறிக்கைக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை. கூடவே வாய்க்காலின் உள் முனையில் ஒரு மூங்கில் குச்சி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. பௌர்ணமிப் பெருக்கில் தண்ணீர் எந்தக் கோடு வரை வந்தது, வற்றத் தொடங்கியபின் எவ்வளவு நேரத்தில் வடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்தால் போதும். கோடு வருஷத்துக்கு வருஷம் இறங்கினால் தூர் ஏறுகிறது.

கூலியைப் பற்றி இரண்டு வார்த்தை. கிள்ளையைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களிலும் எம்.ஜி.ஆர். நகர் இருளர் குடியிருப்பிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் நாள் முழுக்க நிற்பதற்கு ஊரில் வாங்கும் அரசு ஊரக வேலைத் திட்டக் கூலி காணாது. வெட்டுக்கு அளந்து கூலி பேசுங்கள், பெண்களுக்கும் அதே அளவுக்கு அதே கூலி. தடவி இறால் பிடிக்கிற இடத்தை அடைத்து வாய்க்கால் போட்டுவிட்டு அவர்களையே காவலுக்கு வைக்க முடியாது, எங்கே வெட்டலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

அனுமதி இல்லாமல் எதுவும் வேண்டாம். இது காப்புக்காடு. மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம், இட வரைபடம், வாய்க்கால் படத்தோடு. அலையாத்திக் காடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் முதல் வகையில் வருகிறது. ‘நல்ல காரியம்தானே’ என்று இரண்டு ஜேசிபி இறக்கினால் அது வழக்காகும். ஜேசிபி வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு: அது நடந்து வந்த தடமே புதிதாக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரே அடுத்த உப்புப் பாத்தி.

சுனாமியைச் சொல்லி நன்கொடை கேட்கிறவர்களுக்கும் ஒரு குறிப்பு. 2004இல் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்பது எல்லோரும் சொல்வது. கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்பதும் காரணம் என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். ‘நம் கன்று சுனாமியைத் தடுக்கும்’ என்று பேனரில் போடாதீர்கள். முழங்கால் உயரக் கன்று அப்படி எதையும் தடுக்காது.

கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர் வரத்துக் குறைவது, முகத்துவாரம் மணல் அடைவது, இரண்டும் உங்கள் நிதிக்குள் அடங்காது. ஆனால் முகத்துவாரம் அடைந்திருக்கும் ஆண்டில் உள்ளே வாய்க்கால் வெட்டிப் பயனில்லை. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருங்கள்.

கடைசியாக, வேலை முடிந்து படகில் ஏறப்போகிறீர்கள் அல்லவா, அதற்கும் சில. குறுகலான கால்வாய்களுக்குத் துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகு கிளப்பும் அலை சுரபுன்னை வேர்க்காலில் உள்ள சேற்றை அரிக்கும், சத்தத்தில் பறவை ஒன்றும் மிஞ்சாது. கூட்டமாக வந்தால் காலை முதல் படகு, வெயிலுக்கு முன்னும் கொக்கு, நாரை கலைவதற்கு முன்னும். வலசைப் பறவை பார்க்க வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் தண்ணீர் வற்றியிருக்கும் நேரம். படகிலிருந்து வேரைப் பிடித்து இழுத்துப் போட்டோ எடுக்காதீர்கள், இலைக்கூரைக்கு அடியில் போகும்போது எழுந்து நிற்காதீர்கள், மிதவைச் சட்டையைக் கழற்றி இருக்கையாக்காதீர்கள். கரையில் இறங்க நேர்ந்தால் பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருப்பவை குச்சிகள் இல்லை, வெண்கண்டலின் மூச்சு வேர்கள். மிதித்து ஒடித்தால் மரம் மூச்சு வாங்குவது அந்த அளவுக்குக் குறையும். குடிதண்ணீரை ஊரிலிருந்தே எஃகு பாட்டிலில் கொண்டு வாருங்கள். காற்றில் பறந்த ஒரு சிப்ஸ் கவர் முட்டுவேர்களுக்குள் சிக்கினால் எடுப்பதற்கு ஒரு ஆள் கழுத்தளவு இறங்க வேண்டும்.

அடுத்த ஜூலை 26க்கு வரத்தான் வேண்டும் என்றால் தாராளமாக வாருங்கள். பழைய சட்டை, முழங்கால் மறைக்கும் பேண்ட், மாற்று உடை, செருப்புக்குப் பதில் இறுகக் கட்டும் கேன்வாஸ் ஷூ, ஏனென்றால் சிப்பி காலைக் கிழிக்கும். பத்துப் பேருக்கு மூன்று மண்வெட்டி, ஏழு பாண்டு. காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடலாம். எத்தனை பேர் என்பதை ஜூன் முதல் வாரமே வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், மட்டக் குச்சி நட்டு வைக்க ஒரு வாரம் வேண்டும்.

இப்படிக்கு,
கிள்ளைப் பக்கம் வாய்க்கால் வெட்டி, நாற்றங்கால் பார்க்கிறவர்கள்